அமெச்சூர் என்றொரு வேலி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கோல்ஃப் என்றதும் நம்மில் பலருக்குத் திரைப்படத்தில் வரும் பணக்கார மாமனார்தான் நினைவுக்கு வருவார். வெள்ளைக் கால்சட்டை, தலையில் தொப்பி, கையில் நீண்ட மட்டை. பின்னால் பையைச் சுமந்துகொண்டு ஓர் ஏழைப் பையன். அந்தக் காட்சியில் பையனுக்கு வசனமே இராது. ஆனால் 1913ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் புரூக்ளைன் என்னும் ஊரில், அப்படிப் பை தூக்கி வளர்ந்த இருபது வயது இளைஞர் ஒருவர் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் இருவரை ஒரே ஆட்டத்தில் வீழ்த்தி அமெரிக்க ஓபன் கோப்பையைக் கைப்பற்றினார். அவர் பெயர் பிரான்சிஸ் வீமெட். (ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ‘ஊய்மெட்’ என்று படிக்கத் தோன்றும், வீமெட் என்பதே சரியான ஒலிப்பு.)

இந்த வெற்றியைப் பற்றி நூல்கள் வந்திருக்கின்றன. 2005இல் திரைப்படமும் வந்தது. எல்லாவற்றிலும் கதை ஒன்றேதான்: பணத்துக்காக ஆடாத ஓர் அமெச்சூர் இளைஞன், பணத்துக்காக ஆடும் தொழில்முறை வீரர்களை வென்றான் என்பது. நானும் முதலில் அப்படித்தான் படித்து மகிழ்ந்தேன். பிறகு 1916இல் நடந்ததைப் படித்தேன். அதன்பின் அந்த ‘அமெச்சூர்’ என்ற சொல்லின்மேல் எனக்கு ஐயம் பிறந்தது. அந்த ஐயத்தை நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நம் கல்லூரியில் கோல்ஃப் திடல் கிடையாது, எதிர்காலத்திலும் வரப்போவதில்லை. ஆகவே ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. 18 குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் பந்தை விழச் செய்ய வேண்டும், மொத்தத்தில் குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவர். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து, பந்து போன இடத்தைக் கண்டு சொல்பவருக்கு ஆங்கிலத்தில் ‘கேடி’ என்று பெயர். நம் ஊரில் ‘கேடி’ என்றால் காவல் நிலையப் பட்டியலில் இருப்பவர் ஆகிவிடுவார் என்பதால், பை தூக்கும் பையன் என்றே எழுதுகிறேன்.

வீமெட் 1893இல் பிறந்தவர். தந்தை ஆர்தர் பிரெஞ்சுக் கனடாவிலிருந்து பிழைக்க வந்த தோட்டக்காரர். தாய் ஐரிஷ் வழியினர். அவர்கள் வீடு ‘தி கன்ட்ரி கிளப்’ என்ற செல்வர் சங்கத்தின் திடலுக்கு எதிரே, கிளைடு தெருவில் இருந்தது. 17ஆம் குழி கண்ணுக்கு எதிரே. பள்ளிக்குக் குறுக்கு வழியாகத் திடலுக்குள் நடந்துபோன சிறுவன், தொலைந்த பந்துகளைப் புல்லுக்குள்ளிருந்து பொறுக்கிச் சேர்த்தான். அண்ணன் தம்பி இருவருமாக வீட்டுக்குப் பின்னால் தக்காளி டப்பாக்களைப் புதைத்து மூன்று குழித் திடல் ஒன்று அமைத்துக்கொண்டார்கள். பிறகு அதே கிளப்பில் பை தூக்கும் வேலை. தந்தைக்கு இதெல்லாம் வீண் பொழுது. வேலைக்குப் போகிற வயதில் பந்தை அடித்துக்கொண்டிருந்தால் எந்தத் தந்தைதான் பொறுப்பார்? என் தந்தையும் பொறுத்திருக்க மாட்டார்.

இந்த இடத்தில் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். 16 வயதைத் தாண்டிய பின்னும் கூலிக்குப் பை தூக்கினால் அவன் தொழில்முறை ஆட்டக்காரனாகக் கருதப்படுவான். அமெச்சூர் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது என்பது அமெரிக்கக் கோல்ஃப் சங்கத்தின் அன்றைய விதி. பை தூக்குவது விளையாட்டா? அது சுமை கூலி! நம் பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்குபவரை ‘தொழில்முறைப் பளுதூக்கும் வீரர்’ என்று சொல்லி மாவட்டப் போட்டியிலிருந்து விலக்கினால் எப்படி இருக்கும்? வீமெட் 16 வயதோடு அந்த வேலையை விட்டார். பள்ளிப் படிப்பையும் முடிக்காமல் துணிக்கடை ஒன்றில் வாரம் 4 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1910இல் அமெரிக்க அமெச்சூர் போட்டியில் கலந்துகொள்ள ஏதாவதொரு கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டியிருந்தது. அதற்குக் கட்டணம் 25 டாலர். தாயிடம் கடன் வாங்கிக் கட்டினார்; பிறகு சம்பளத்திலிருந்து திருப்பிக் கொடுத்தார். ஆக, பணத்தை எதிர்பாராமல் ஆடுவதற்கே ஆறு வாரத்துக்கு மேலான சம்பளம் தேவைப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் 1910, 1911, 1912 மூன்று ஆண்டுகளும் தகுதிச் சுற்றிலேயே திரும்பினார்.

1913இல் அவர் பாஸ்டன் நகரில் ரைட் அண்டு டிட்சன் என்ற விளையாட்டுப் பொருள் கடையில் விற்பனையாளர். அந்த ஆண்டு அமெச்சூர் போட்டிக்குத் தகுதி பெற்று, கார்டன் சிட்டிக்குப் போய் ஆடிவிட்டு வந்திருந்தார். அதற்கே விடுமுறை தீர்ந்துவிட்டது. இன்னொரு முறை விடுப்புக் கேட்க அவருக்குத் துணிவில்லை. கோல்ஃப் சங்கத்தின் தலைவர் ராபர்ட் வாட்சன் வற்புறுத்தியதாலும், கடை முதலாளி ஜார்ஜ் ரைட் (அவரே பழைய பேஸ்பால் வீரர்) மனமுவந்து அனுப்பியதாலும்தான் ஓபன் போட்டிக்கு வந்து சேர்ந்தார். வரலாற்றுப் புகழ் பெற்ற அந்தப் போட்டி ஒரு விடுப்பு விண்ணப்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

எதிரே நின்றவர்கள் சாமானியர்கள் அல்லர். ஹாரி வார்டன் அதற்குள் 5 முறை பிரிட்டிஷ் ஓபன் வென்றவர்; 1900இல் அமெரிக்க ஓபனையும் வென்றவர். (1914இல் 6ஆம் முறையும் பிரிட்டிஷ் ஓபன் வென்றார், அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை.) டெட் ரே 1912இன் பிரிட்டிஷ் ஓபன் வீரர், பந்தை வெகுதூரம் அடிப்பதில் பேர்பெற்ற ஆஜானுபாகுவான மனிதர். இவ்விருவரும் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் கலந்துகொள்ள வசதியாகவே அந்த ஆண்டுப் போட்டி செப்டம்பருக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

வீமெட்டுக்குப் பை தூக்கியவன் எடி லோவரி என்ற பத்து வயதுச் சிறுவன். வந்திருக்க வேண்டியவன் அவன் அண்ணன். பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளைப் பிடிக்கும் அலுவலரிடம் அகப்பட்டுக்கொண்டான். செய்தி சொல்ல வந்த தம்பி, “நானே தூக்குகிறேன்” என்று முன்வந்தான். பைதான் அவனைத் தூக்கியதோ என்று ஐயுறும்படியான உயரம்! பந்தின்மேல் கண்ணை வை என்பதே அவன் திரும்பத் திரும்பச் சொன்ன புத்திமதி.

வெள்ளிக்கிழமை மழை. நான்காம் சுற்றில் வார்டனும் ரேயும் 304 அடிகளில் முடித்துவிட்டு நின்றார்கள். வீமெட் தடுமாறிக்கொண்டிருந்தார். கடைசி 6 குழிகளை வழக்கமான கணக்கைவிட 2 அடி குறைவாக முடித்தால்தான் அவர்களோடு சமன் செய்ய முடியும். 13ஆம் குழியில், வழவழப்பான புல்தளத்துக்கு வெளியிலிருந்து தட்டிய பந்து நேராகக் குழிக்குள் விழுந்தது. ஓரடி மிச்சம். அடுத்த மூன்று குழிகளில் இழப்புமில்லை, ஆதாயமுமில்லை. 17ஆம் குழிக்கு வந்தார்; அவர் வீட்டுக்கு எதிரே உள்ள அதே குழி. தெருவில் அடைத்து நின்ற மோட்டார் கார்களின் ஹாரன் ஒலி. அது தம் காதில் விழவே இல்லை என்று பிற்காலத்தில் எழுதினார். நீண்ட தூரத்திலிருந்து உருட்டிய பந்து உள்ளே போயிற்று. 18ஐயும் சரியாக முடித்தார். மூவருக்கும் 304.

மறுநாள் சனிக்கிழமை, நனைந்த திடலில் மூவருக்கும் தனியாக 18 குழிகள். அன்று வீமெட்டின் அடிகளைக் குறித்துக்கொண்டு உடன் நடந்தவர் லண்டன் டைம்ஸ் இதழுக்காக வந்திருந்த பெர்னார்டு டார்வின். சார்லஸ் டார்வினின் சொந்தப் பேரர். (விலங்கியல் துறை நண்பர்கள் கவனிக்க!) முதல் 9 குழிகளில் மூவருக்கும் 38. 10ஆம் குழியில் வீமெட் ஓரடி முந்தினார். 15இல் ரே 6 அடி எடுத்துப் பின்தங்கிவிட்டார். 17க்கு வரும்போது வார்டன் ஓரடிதான் பின்னால். அந்தக் குழிக்குப் போகும் பாதை இடப்புறம் வளையும். வளைவைக் குறுக்கே கடக்க வார்டன் துணிந்து அடித்தார். பந்து மணல் பள்ளத்தில் போய் விழுந்தது. அவருக்கு 5, வீமெட்டுக்கு 3. முடிவில் வீமெட் 72, வார்டன் 77, ரே 78. கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. சிறுவன் எடிக்காக ஒரு தொப்பி கூட்டத்துக்குள் சுற்றி வந்து காசோடு திரும்பியது. வெற்றி பெற்றவருக்குக் காசு கிடையாது, அவர் அமெச்சூர்.

இனி என் வழக்கைச் சொல்கிறேன்.

‘தொழில்முறையாளரை அமெச்சூர் வென்றார்’ என்கிறபோது, ஏதோ காசாசை பிடித்த இரண்டு பெரியவர்களைத் தூய உள்ளம் படைத்த இளைஞன் வென்றதுபோல் ஒலிக்கிறது. வார்டன் யார்? ஜெர்சித் தீவில் ஒரு தோட்டக்காரரின் மகன். சிறு வயதிலேயே பள்ளியை விட்டு வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போனவர். அவரும் பை தூக்கியவர். பின்னாளில் காசநோயோடு போராடியவர். ரேயும் அதே தீவைச் சேர்ந்த உழைப்பாளிக் குடும்பத்தவர்தான். அன்று மழையில் நடந்த மூவருமே அந்தக் கிளப்பின் முன்வாசல் வழியாக உறுப்பினராக நுழைந்திருக்க முடியாதவர்கள். ஒரு தோட்டக்காரர் மகன் இன்னொரு தோட்டக்காரர் மகனை வென்றான் என்பதே நடந்தது. அதை ‘அமெச்சூரின் வெற்றி’ என்று எழுதியதால், வேலி போட்டவர்களின் பக்கம் அந்த வெற்றி சேர்ந்துவிட்டது.

அந்தக் காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கிளப் மாளிகைக்குள் விடாததே வழக்கம். அவர்கள் பட்டறையிலோ கொட்டகையிலோ உடை மாற்றிக்கொள்ள வேண்டும். போட்டியைக் காணக் கூட்டம் வருவது அவர்களுக்காக. உணவறை அவர்களுக்கு இல்லை! 1920இல் ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகரின் இன்வர்னஸ் கிளப் தன் கதவை அவர்களுக்குத் திறந்தபோது, ஆட்டக்காரர்கள் பணம் சேர்த்து ஓர் உயரமான நிலைக்கடிகாரம் வாங்கி நன்றியாகக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அங்கே வென்றவர் நம் டெட் ரேதான். ஐம்பது வயதில் வார்டன் ஒரே அடியில் கோப்பையைத் தவறவிட்டார். உள்ளே நுழைய விட்டதற்கே கடிகாரம் கொடுக்கும் அளவுக்கு மனிதர்களைத் தாழ்த்தி வைத்த ஒரு பிரிவினையை, விளையாட்டின் தூய்மை என்று புகழ எனக்கு மனம் வரவில்லை.

1916க்கு வருவோம். வீமெட் அதற்குள் 1914இன் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தையும் வென்றிருந்தார். ஒரு நண்பரோடு சேர்ந்து விளையாட்டுப் பொருள் கடை தொடங்கினார். கோல்ஃப் புகழை வைத்துப் பிழைக்கிறார் என்று சொல்லி, அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் அவருடைய அமெச்சூர் தகுதியைப் பறித்தது. மூன்றே ஆண்டுகளுக்கு முன் தோளில் தூக்கிக் கொண்டாடப்பட்டவர்! அந்தச் சங்கத்தை 1894இல் தொடங்கிய ஐந்து கிளப்புகளில் அவர் வீட்டுக்கு எதிரே இருந்த கிளப்பும் ஒன்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் சம்பளத்துக்கு நின்று மட்டை விற்றபோது அவர் அமெச்சூர். கடையே தமதானபோது அமெச்சூர் இல்லை. இரும்பாலை முதலாளி கோல்ஃப் ஆடினால் அமெச்சூர். வங்கி முதலாளி ஆடினாலும் அமெச்சூர். திடலில் பழகிய பழக்கத்தால் வாடிக்கையாளர் சேர்ந்தாலும் அவர்கள் தூய்மைக்குக் குறைவில்லை. மட்டை விற்றுச் சாப்பிடுபவனுக்குத்தான் தீட்டு.

அவர் சோர்ந்துவிடவில்லை. அந்தத் தடையைப் பொருட்படுத்தாத மேற்கத்திய கோல்ஃப் சங்கத்தின் போட்டியில் 1917இல் ஆடி வென்றார். முதல் உலகப் போரில் படையில் சேர்ந்த பிறகு, 1918இல் தகுதி திரும்பக் கிடைத்தது. 1931இல் மீண்டும் அமெரிக்க அமெச்சூர் பட்டம் வென்றார்.

உடற்கல்வி ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு மறுப்பு எழுப்பினார், நியாயமான மறுப்புதான். “பணம் புகுந்தால் சூதும் புகும், விளையாட்டை விளையாட்டாகக் காக்க ஒரு கோடு வேண்டாமா?” என்றார். வேண்டும். சூதாட்டத்தைத் தடுக்க விதி வேண்டும். விலைபோகும் ஆட்டக்காரனைத் தண்டிக்க விதி வேண்டும். ஆனால் பை தூக்கிய கூலியைத் தண்டிக்கும் விதி எந்தச் சூதைத் தடுத்தது? கடை வைத்ததால் எந்த ஆட்டம் விலைபோயிற்று? அமெச்சூர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நேசிப்பவன் என்பது பொருள். நேசத்தை அளக்க வேறு அளவுகோல் கிடைக்காமல், மடியில் உள்ள பணத்தை வைத்து அளந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த கைப்பந்து வீரர் ஒருவர் இருக்கிறார். எங்கள் வட்டாரத்தில் அவர்போல் வலைக்கு மேலெழுந்து அடிப்பவர் இல்லை. சனி, ஞாயிறுகளில் கட்டட வேலை. அந்த இரு நாள்களில்தான் போட்டிகளும் நடக்கும். பேருந்துக் கட்டணத்தைப் பிறகு தருவதாகச் சொன்ன ஒரு போட்டிக்கு ஒருமுறை போனார். கட்டணமும் வரவில்லை, கூலியும் போயிற்று. அதன்பின் அவர் போவதில்லை. அவருக்கு ஆட்டத்தின்மேல் நேசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

நம் ஊர்ப் பக்கம் இந்தத் தீட்டு இல்லை என்பது எனக்கு மகிழ்ச்சி. பொங்கலுக்குக் கபடிப் போட்டி வைத்தால், முதல் பரிசாகச் சுழற்கோப்பையும் ரொக்கமும் என்று சுவரொட்டியிலேயே போடுகிறார்கள். வாங்கும் ரொக்கத்தை அணி பங்கிட்டுக்கொள்கிறது. அதனால் யாருக்கும் மானம் போவதில்லை. வேடிக்கை என்னவென்றால், நாட்டின் கபடி அமைப்பின் பெயரிலேயே ‘அமெச்சூர்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே கபடியில் 2014 முதல் புரோ கபடி லீகில் வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்படுகிறார்கள்.

பத்து வயது எடி என்னவானான் என்று கேட்பீர்கள். அவர் கலிபோர்னியாவில் கார் விற்பனையில் பெரும் செல்வரானார். ஹார்வி வார்டு என்ற சிறந்த ஆட்டக்காரருக்குத் தம் நிறுவனத்தில் வேலை கொடுத்தார். வார்டு 1955, 1956 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்க அமெச்சூர் பட்டம் வென்றார். 1957இல் அவருடைய அமெச்சூர் தகுதியும் பறிக்கப்பட்டது. காரணம், போட்டிகளுக்குப் போய்வரும் செலவை எடி லோவரி கொடுத்தார் என்பது! 1913இல் வீமெட்டின் பையைத் தூக்கிய அதே கை. 1916இல் வீமெட்டைத் தொட்ட அதே விதி. நாற்பது ஆண்டுகளில் வேலியின் ஒரு முள்கூட மழுங்கவில்லை.

ஆனால் இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த வேறொரு கிளை உண்டு. சிக் எவன்ஸ் என்பவரும் பை தூக்கி வளர்ந்தவர். 1916இல் அமெரிக்க ஓபனை வென்ற அமெச்சூர். பணமில்லாததால் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர். கோல்ஃப் பாடம் சொல்லும் இசைத்தட்டுகள் மூலம் அவருக்குப் பணம் வந்தது. அதைத் தொட்டால் அமெச்சூர் தகுதி போய்விடும். தம் தாயின் யோசனைப்படி அதைப் பை தூக்கும் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்காக ஒதுக்கினார். 1930இல் முதல் இரண்டு மாணவர்கள் அதே நார்த்வெஸ்டர்னில் சேர்ந்தார்கள். இன்றுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த உதவித்தொகையில் பட்டம் பெற்றிருக்கிறார்கள். வீமெட்டின் பெயரிலும் 1949இல் மாசசூசெட்ஸில் ஒரு நிதி தொடங்கப்பட்டு, திடல்களில் வேலை செய்யும் பிள்ளைகளைப் படிக்க வைத்து வருகிறது. பள்ளியை முடிக்காதவரின் பெயரில் கல்லூரி உதவித்தொகை!

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ‘குடும்பத்தில் முதல் பட்டதாரி’ என்று நம் நாட்டில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அதைக் கையில் வாங்கியபோது அந்தச் சொற்கள் எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தன. இல்லாமையைத் தாளில் எழுதித் தருவதுபோல. இப்போது அப்படி நினைப்பதில்லை. அமெச்சூர் என்ற சொல் அழகாக ஒலித்துக்கொண்டே ஆளை வெளியில் நிறுத்தியது. இந்தச் சொற்கள் அழகில்லாமலே ஆளை உள்ளே விடுகின்றன. நான் 1913ஐ விட 1930ஐயும் 1949ஐயும் பெரிதாக நினைப்பதற்கு இதுவே காரணம். கோப்பையை ஒருவர்தான் வெல்ல முடியும். வீமெட் இருபது வயதில் வென்றார்; நானும் இருபது வயதில் இருக்கிறேன்; என்னால் 17ஆம் குழியில் எந்த அற்புதமும் நடக்காது என்பது செய்முறைத் தேர்வில் என் கை நடுங்குவதைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். உதவித்தொகைக்கு அற்புதம் தேவையில்லை, விண்ணப்பம் போதும்.

2022 ஜனவரி முதல் நாள் அமெச்சூர் விதிகள் பெரிதும் தளர்த்தப்பட்டன. விளம்பரத்தில் நடித்துச் சம்பாதித்தாலும், செலவுக்குப் பிறரிடம் பணம் பெற்றாலும் இனி அமெச்சூர் தகுதி போகாது. அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க ஓபன் புரூக்ளைன் திடலுக்குத் திரும்பி வந்தது. மாட் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற ஆங்கிலேயர் வென்றார். அவர் 2013இல் அதே திடலில் அமெச்சூர் பட்டம் பெற்றவர். இம்முறை பரிசுப் பணமும் பெற்றார். வீமெட் 1967இலேயே மறைந்துவிட்டார். எடியும் உயிரோடு இல்லை.

என் கருத்துக்கு மாறுபடுவோர் இருப்பார்கள். உடற்கல்வி ஆசிரியர் இருக்கவே இருக்கிறார். அவர் மறுப்பு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு மலரில் அது வரும்போது நான் மூன்றாம் ஆண்டில் இருப்பேன். பதில் எழுத இடம் ஒதுக்கி வைக்குமாறு மலர்க் குழுவினரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.